பழம் நகரைக் காக்கும் திட்டம்: அகமதாபாத்தின் அனுபவம்

(உரையின் எழுத்து வடிவம்)

பழைய நகரம் ஒன்றைப் பாதுகாப்பது பற்றிப் பேச்சு எழுந்தால், கேட்போரின் நினைவுக்கு முதலில் வருவது ஒரு கோயில், ஒரு மசூதி, அல்லது ஒரு கோட்டை. இவை காக்கப்பட வேண்டியவை என்பதில் இரு கருத்து இல்லை. இவற்றுக்கென 1904-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் இயற்றப்பட்ட 1958-ஆம் ஆண்டுச் சட்டமே இன்று தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களுக்குக் காவலாக நிற்கிறது. இத்தகைய சின்னங்களைக் காப்பது அரசின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 49-ஆவது பிரிவு கூறுகிறது. இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 3,700 சின்னங்கள் உள்ளன.

ஆனால் ஒரு நகரம் அதன் சின்னங்களால் மட்டும் ஆனதன்று. சின்னத்தைச் சுற்றியுள்ள தெருக்களும், தெருக்களை அடைத்து நிற்கும் வீடுகளும், அவ்வீடுகளில் வாழும் மக்களும் சேர்ந்ததே நகரம். சின்னத்துக்கு உரிமையாளர் அரசு. அல்லது ஓர் அறக்கட்டளை. வீட்டுக்கு உரிமையாளர் ஒரு தனி மனிதர். பல இடங்களில் ஒரே வீட்டுக்குப் பத்து வாரிசுகள். சின்னத்தைப் பழுது பார்க்க அரசின் வரவு செலவுத் திட்டத்தில் பணம் உண்டு. வீட்டைப் பழுது பார்க்க அதில் வாழ்பவரின் கையிருப்பே உண்டு. சின்னங்களைக் காக்கும் முறையை அப்படியே வீடுகளுக்கும் நீட்டினால் நகரம் முழுமைக்குமான திட்டம் ஆகிவிடும் என்று எண்ணுவது இந்த வேறுபாட்டை மறந்த எண்ணமாகும். குஜராத்தின் அகமதாபாத் நகரில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது.

போள் என்னும் குடியிருப்பு

சபர்மதி ஆற்றின் கிழக்குக் கரையில் 1411-ஆம் ஆண்டு சுல்தான் அகமது ஷா நிறுவிய நகரம் இது. பத்ரா கோட்டையும், 1424-இல் முடிக்கப்பட்ட ஜாமா மசூதியும், அவற்றை இணைக்கும் அரச வீதியும் அதன் முதுகெலும்பு. பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மகமூது பேக்டாவின் காலத்தில் நகரைச் சுற்றி மதில் எழுப்பப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் மதிலின் பெரும்பகுதி இடிக்கப்பட்டு, வாயில்கள் பல மட்டும் எஞ்சின. இருப்பினும் மதிலுக்குள் இருந்த பகுதி இன்றும் 'மதில் நகரம்' என்றே வழங்கப்படுகிறது. அதன் பரப்பு ஏறத்தாழ 535 ஹெக்டேர்.

இந்நகரின் சிறப்பு அதன் போள்களில் இருக்கிறது. போள் என்பது ஒரு வாயிலும், அதனுள் கிளை பிரியும் ஒடுங்கிய சந்துகளும், சந்துகளின் இருபுறமும் ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்கும் வீடுகளும் கொண்ட ஒரு சிற்றூர் போன்ற அமைப்பு. வாயிலை இரவில் அடைத்துவிடலாம். உள்ளே ஒரு பொதுக்கிணறு, ஒரு கோயில், பறவைகளுக்குத் தீனி இடுவதற்கென்று மரத்தால் ஆன 'சபூத்ரோ' என்னும் உயர்ந்த மேடை ஆகியவற்றைக் காணலாம். ஒரே சாதியையோ தொழிலையோ சமயத்தையோ சேர்ந்த குடும்பங்கள் ஒரு போளில் சேர்ந்து வாழ்ந்தன. பொதுக் காரியங்களைப் போளின் பஞ்சாயத்தே கவனித்து வந்தது.

வீடுகளின் கட்டுமானமும் குறிப்பிடத்தக்கது. மரச்சட்டங்களும் செங்கல்லும் பின்னிப் பிணைந்த சுவர்கள்; நடுவில் திறந்த முற்றம்; முன்புறம் 'ஓட்லோ' எனப்படும் திண்ணை; முகப்பில் செதுக்கு வேலைப்பாடு கொண்ட தூண்களும் தாங்குகட்டைகளும். பல வீடுகளில் முற்றத்தின் அடியில் 'டாங்கா' எனப்படும் நிலத்தடித் தொட்டி உண்டு. கூரையில் விழும் மழைநீர் குழாய் வழியே இறங்கி அதில் சேரும். வெயிலும் காற்றும் படாத அந்நீரை ஆண்டு முழுவதும் குடிநீராகப் பயன்படுத்தினர். கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊரில், ஒடுங்கிய சந்தின் நிழலும் முற்றத்தின் காற்றோட்டமும் வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருந்தன. 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் குஜராத்தை உலுக்கிய நிலநடுக்கத்தின்போது, இந்நகரில் உயிர்ச்சேதத்துக்குப் பெரிதும் காரணமானவை புதிய பகுதிகளில் இடிந்து விழுந்த அடுக்குமாடிக் கட்டடங்களே. மரச்சட்டம் நன்கு பராமரிக்கப்பட்ட பழைய வீடுகள் நிலநடுக்கத்தைத் தாங்கும் இயல்புடையவை. அந்த மரச்சட்டம் அழுகிப்போக விட்ட வீடுகளைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது.

பட்டியல் உருவான விதம்

அகமதாபாத் மாநகராட்சி 1996-ஆம் ஆண்டு தன் நிர்வாகத்துக்குள்ளேயே பாரம்பரியப் பாதுகாப்புக்கென ஒரு தனிப் பிரிவை ஏற்படுத்தியது. இந்த முடிவின் முக்கியத்துவம் எளிதில் புலப்படாது. கட்டட அனுமதி வழங்குவதும், சாக்கடை அமைப்பதும், தெருவிளக்கு இடுவதும் மாநகராட்சி. இடிக்க அனுமதி தருவதும் அதுவே. எனவே பாதுகாப்புப் பணி வேறு எங்கோ ஒரு துறையில் இருந்தால், அத்துறை கடிதம் எழுதிக்கொண்டிருக்கும், வீடு இடிந்துகொண்டிருக்கும். பட்டியலிலுள்ள வீட்டை இடிப்பதற்குமுன் இப்பிரிவின் சம்மதம் வேண்டும் என்ற விதி வந்தபின்புதான் அலுவலர்கள் பழைய வீட்டை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினர்.

அடுத்த ஆண்டு, அதாவது 1997 நவம்பர் 19-ஆம் நாள், காலுப்பூர் சுவாமி நாராயணன் கோயிலில் தொடங்கி ஜாமா மசூதியில் முடியும் 'பாரம்பரிய நடை' தொடங்கப்பட்டது. போள்களின் வழியே காலையில் நடந்து செல்லும் இந்நிகழ்ச்சியை வெளியூர்ப் பயணிகளுக்கான ஏற்பாடாகவே பலர் கருதுகின்றனர். ஆனால் அதன் பயன் வேறு. தாம் நாள்தோறும் திண்ணையில் அமர்ந்து பார்க்கும் தூணை யாரோ ஒருவர் நின்று பார்த்துச் செல்வதைக் கண்ட போள்வாசிகள், அத்தூணுக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதை உணர்ந்தனர். நடையின் வழியில் லம்பேஷ்வர் போளில் குஜராத்திக் கவிஞர் தல்பத்ராமின் வீடு இருந்த இடம் உள்ளது. பழைய வீடு போய்விட்டது. முகப்பு மட்டும் மீண்டும் அமைக்கப்பட்டு, அதன் முன் கவிஞரின் சிலை அமர்ந்த நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது. காலம் தாழ்ந்தால் எஞ்சுவது இவ்வளவே என்பதற்கும் அது ஒரு சான்று.

பிறகு வந்தது வீடு வீடான கணக்கெடுப்பு. நகர அளவிலான திட்டத்துக்கு இதைவிட அடிப்படையான பணி இல்லை. இதைவிடச் சலிப்பூட்டும் பணியும் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் வரைபடம், நிழற்படம், கட்டிய காலம், கட்டுமான முறை, இப்போதைய நிலை, உரிமை, குடியிருப்போர், பயன்பாடு ஆகியவை பதிவாக வேண்டும். இவற்றுள் முதல் நான்கைக் கட்டடக்கலை மாணவர்கள் ஆர்வத்துடன் எழுதிவிடுவர். பின்னுள்ள நான்கையும் எழுதுவதற்கு வீட்டுக்குள் சென்று, குடும்பத்துடன் பேசி, பழைய பத்திரங்களைப் பார்க்க வேண்டியிருக்கும். பெரும்பாலான நகரங்களின் பட்டியல்களில் இப்பகுதியே வெறுமையாக விடப்படுகிறது. ஆனால் வீடு நிற்குமா விழுமா என்பதை முடிவு செய்வது செதுக்கு வேலையின் சிறப்பன்று; உரிமையும் குடியிருப்பும் பயன்பாடுமே.

2017-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள், போலந்து நாட்டின் கிராக்கோ நகரில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு அகமதாபாத்தை உலகப் பாரம்பரிய நகராக ஏற்றது. இந்தியாவில் இத்தகுதி பெற்ற முதல் நகரம் இதுவே. ஜெய்ப்பூர் 2019-இல் இரண்டாவதாகச் சேர்ந்தது. அகமதாபாத்துக்காக அளிக்கப்பட்ட கணக்கின்படி மதில் நகரில் தொல்பொருள் ஆய்வுத் துறையின் சின்னங்கள் 28. மாநிலத் தொல்பொருள் துறையின் சின்னம் 1. மாநகராட்சியின் பட்டியலில் உள்ள கட்டடங்கள் 2,696. இந்த மூன்று எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே சின்னத்துக்கும் நகருக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உலகக் குழுவுக்கு ஆலோசனை கூறும் சர்வதேச நிபுணர் அமைப்பான இக்கோமாஸ், அகமதாபாத்தின் விண்ணப்பத்தை ஒத்திவைக்குமாறு பரிந்துரைத்திருந்தது. குழு அதை மீறியே தகுதி வழங்கியது. ஆவணப் பதிவையும் பாதுகாப்புத் திட்டத்தையும் முழுமைப்படுத்துமாறு கேட்டுக்கொண்டது. அதாவது பட்டம் முன்னே வந்தது. முழுமையான திட்டம் அதன் பின்னே வரவேண்டியதாயிற்று.

மற்ற நகரங்களின் பட்டறிவு

பட்டியலுக்குச் சட்ட வலிமை தந்த நகரங்களுள் ஐதராபாத் முன்னோடி. அங்கு 1981-ஆம் ஆண்டின் மண்டல விதிமுறைகளில் 13-ஆவது விதியாகப் பாரம்பரியப் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. 2015-ஆம் ஆண்டு தெலுங்கானா அரசு அவ்விதியை நீக்கியது. 2017-இல் புதிய பாரம்பரியச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு விதியின் பலத்தில் மட்டும் நிற்கும் பாதுகாப்பை ஓர் ஆணையால் எடுத்துவிட முடியும் என்பதை அதிகாரிகள் இதிலிருந்து அறியலாம்.

மும்பையில் 1995-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த விதிகள் 600-க்கும் மேற்பட்ட கட்டடங்களையும் பகுதிகளையும் தரம் பிரித்துப் பட்டியலிட்டன. முதல் தரக் கட்டடத்தில் புறத்தோற்றமும் உட்பகுதியும் மாறக்கூடாது; இரண்டாம் தரத்தில் உட்பகுதியை ஓரளவு மாற்றலாம்; மூன்றாம் தரத்தில் கட்டுப்பாடு இன்னும் தளரும். எல்லாக் கட்டடங்களையும் ஒரே கயிற்றால் கட்டாத இம்முறை மிகப் பயனுள்ளது. மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட மாதிரிக் கட்டட விதிகளிலும் பாரம்பரியத்துக்கெனத் தனி அத்தியாயம் உண்டு. ஆயினும் மும்பையில் 2012-ஆம் ஆண்டு பட்டியலைப் பெரிதும் விரிவாக்க முற்பட்டபோது, சிவாஜி பார்க் போன்ற பகுதிகளின் குடியிருப்போரே அதை எதிர்த்தனர். தங்கள் வீட்டை இனி மாற்றிக் கட்ட இயலாமல் போகும் என்பது அவர்களின் அச்சம். வீட்டுக்காரரைக் கேளாமல் வந்த பட்டியலை அவர் ஒரு தண்டனை ஆணையாகவே படிப்பார்.

மத்திய அரசின் 'ஹிருதய்' திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கி 2019 மார்ச் வரை 12 நகரங்களில் நடந்தது. தமிழ்நாட்டின் காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும் அவற்றுள் இரண்டு. சின்னங்களைச் சுற்றியுள்ள சாலை, குடிநீர், துப்புரவு, விளக்கு வசதிகளுக்கு அது பணம் தந்தது. தனியார் வீட்டின் உத்தரம் வரை அதன் கை நீளவில்லை.

செலவை ஏற்பவர் யார்?

இனி மையமான கேள்விக்கு வரலாம். போளில் உள்ள ஒரு பழைய வீட்டின் உரிமையாளர் அதைப் பழுது பார்த்துக் காப்பதால் அவருக்குக் கிடைப்பது என்ன?

பழைய தேக்கு உத்தரம் ஒன்றை மாற்றுவதற்குப் புதிய தேக்கும், அந்த வேலை அறிந்த தச்சரும் வேண்டும். இரண்டும் விலை கூடியவை. வாடகைக்கு விட்ட வீடென்றால் நிலைமை இன்னும் கடினம். பம்பாய் மாநிலத்தின் 1947-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் குஜராத்திலும் தொடர்ந்து வழங்கிற்று. அச்சட்டத்தின்கீழ் பழைய வாடகையிலேயே தங்கியிருக்கும் குடித்தனக்காரர் தரும் தொகை ஓடு மாற்றவும் போதாது. குடித்தனக்காரரும் தமக்குச் சொந்தமில்லாத வீட்டில் பணம் போட மாட்டார். வாரிசுகள் பலர், அவர்களுள் பாதிப்பேர் ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள புதிய குடியிருப்புகளுக்கோ வெளிநாட்டுக்கோ சென்றுவிட்டனர். மதில் நகரில் மக்கள்தொகை குறைந்து வருவதைக் கணக்கெடுப்புகளும் காட்டுகின்றன. பல பகுதிகளில் சொத்தை விற்க 1991-ஆம் ஆண்டின் கலவரப் பகுதிகள் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதியும் தேவை. இவ்வளவுக்கும் இடையே, வணிகர் ஒருவர் வந்து கிடங்குக்காக வீட்டைக் கேட்கிறார். பழம்பொருள் வியாபாரி வந்து தூண்களையும் கதவுகளையும் மட்டும் கேட்கிறார். நிற்கும் வீட்டைவிடப் பிரித்தெடுத்த வீட்டுக்கு அதிக விலை கிடைக்கும் நிலை ஒரு நகரில் இருக்கும்வரை, அங்கே எந்தப் பட்டியலும் நெடுநாள் உண்மையாக இருக்காது.

சின்னங்களைக் காக்கும் சட்டமும் எதிர்பாராத வகையில் இந்த வீட்டுக்காரரைத் தொடுகிறது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010-இல் வந்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டலாம். வயல் நடுவே நிற்கும் கோயிலுக்கு இவ்விதி பொருத்தமானது. மதில் நகரிலோ 28 சின்னங்கள். 300 மீட்டர் ஆரம் கொண்ட ஒரு வட்டத்தின் பரப்பு 28 ஹெக்டேருக்கு மேல். 28 வட்டங்களைக் கூட்டினால் நகரின் மொத்தப் பரப்பையே தாண்டிவிடும். வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்பதும், சில நகர எல்லைக்கு வெளியேயும் நீளும் என்பதும் உண்மையே. ஆயினும் வட்டத்துக்குள் அகப்படாத போள்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். பழுது பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதற்கும் விண்ணப்பமும் தடையின்மைச் சான்றும் வேண்டும். பட்டியலிட்ட வீடும் வட்டத்துக்குள் இருந்தால், ஓர் உத்தரத்துக்காக இரண்டு அலுவலகங்களின் படியேற நேரும். சட்டத்துக்குப் பணிந்து நடக்க விரும்புபவர் காத்திருப்பார். மற்றவர் இரவோடிரவாகச் சுவரை இடித்துக் கான்கிரீட் போட்டுவிடுவார்.

உரிமையாளருக்குப் பணம் கிடைக்கச் செய்யும் வழிகளில் அதிகம் பேசப்படுவது வளர்ச்சி உரிமை மாற்றம். பழைய வீடு நிற்பதால் அந்த மனையில் கட்ட இயலாமற்போகும் தளப்பரப்பை ஒரு சான்றிதழாக உரிமையாளருக்கு வழங்குவது. நகரின் வேறு பகுதியில் உயரமாகக் கட்ட விரும்பும் கட்டுநர் அதை விலை கொடுத்து வாங்குவது. இதுவே அதன் சாரம். மும்பையில் இம்முறை விதிகளில் இடம்பெற்றது. அகமதாபாத்திலும் பட்டியலிட்ட வீடுகளுக்கு இவ்வழி திறக்கப்பட்டது. அரசுக்குச் செலவில்லாத திட்டம் என்பதால் அதிகாரிகள் இதை விரும்புவது இயல்பு. ஆனால் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சான்றிதழுக்கு விலை இருக்க வேண்டுமானால், கட்டுநர் கூடுதல் தளப்பரப்பை வேறு மலிவான வழியில் பெற இயலாதிருக்க வேண்டும். மாநகராட்சியே குறைந்த கட்டணத்துக்குக் கூடுதல் தளம் விற்றால், வீட்டுக்காரரின் சான்றிதழ் வெறும் காகிதம். விற்ற பணம் வீட்டின் பழுதுக்கே செல்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பணத்தைப் பெற்றுக்கொண்டு வீட்டை மழையில் கரையவிடுவோர் இல்லாமலில்லை. மேலும், பத்து வாரிசுகளும் கையெழுத்திடாத வீட்டுக்குச் சான்றிதழ் பெறுவது கடினம். அங்கே சட்ட உதவி அளிக்கும் ஓர் அலுவலர் இருந்தால், அவர் ஒரு பொறியாளரைவிடப் பயன்படுவார்.

வீட்டை விடுதியாகவோ உணவகமாகவோ மாற்றுவது மற்றொரு வழி. மில் அதிபர் சேட் மங்கள்தாஸ் கிர்தர்தாஸின் 1924-ஆம் ஆண்டு மாளிகை, அவர் குடும்பத்தாராலேயே ஓட்டலாக மாற்றப்பட்டு நன்கு பராமரிக்கப்படுகிறது. போள்களில் சில வீடுகளும் விருந்தினரை ஏற்கின்றன. வாய்ப்புள்ள இடத்தில் இது நல்லதே. ஆனால் 2,696 கட்டடங்களும் விடுதிகளாக முடியாது, ஆகவும் கூடாது. போளின் வாயிலைக் காலையில் திறப்பதற்கும், சபூத்ரோவில் தானியம் இடுவதற்கும் அங்கே குடும்பங்கள் இருந்தாக வேண்டும்.

ஆகவே பெரும்பான்மை வீடுகளுக்கு வேண்டியவை மிகச் சாதாரணமானவை. குடியிருக்கும் வரை சொத்து வரியில் சலுகை. சிறிய பழுதுகளுக்குக் குறைந்த வட்டியில் கடன். வாரிசுகளும் குடித்தனக்காரரும் செலவைப் பகிர்ந்துகொள்ள ஒரு முறையான ஒப்பந்த வடிவம். சந்துகளில் அடைப்பில்லாத சாக்கடை. மர வீடுகள் நெருங்கிய இடத்தில் தீ ஒரு பேரபாயம். தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்துகளில், போள் வாயிலிலேயே நீர்க்குழாய் இணைப்பும், உள்ளே எட்டக்கூடிய நீண்ட குழாயும் இருக்க வேண்டும். பழைய மின்கம்பிகளை மாற்றுவது அதைவிட முந்திய வேலை. இவையெல்லாம் பாரம்பரியம் என்ற தலைப்பின்கீழ் எந்தக் கோப்பிலும் வருவதில்லை. அவை பொறியியல் பிரிவு, வரிப் பிரிவு, தீயணைப்புப் பிரிவு ஆகியவற்றின் கோப்புகள். மாநகராட்சிக்குள்ளேயே பாதுகாப்புப் பிரிவு இருப்பதன் பயன் இங்கேதான் தெரிய வேண்டும்.

சட்டத்தில் இடமில்லை என்று இதைத் தள்ளிவிட முடியாது. குஜராத்தின் 1976-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம், வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களையும் இடங்களையும் காப்பதை வளர்ச்சித் திட்டத்தின் பொருள்களில் ஒன்றாகவே கூறுகிறது. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாவது அட்டவணையில், நகரமைப்பும் கட்டட ஒழுங்கும் பண்பாட்டு வளர்ச்சியும் நகராட்சிகளுக்குரிய பொருள்களாக உள்ளன. அதிகாரம் இருக்கிறது. அதை எந்த மேசையில், எத்தனை நாட்களுக்குள் செலுத்துவது என்பதே எழுதப்பட வேண்டிய பகுதி.

அகமதாபாத்தில் பருவமழை பெரும்பாலும் ஜூன் மாதத்தின் பிற்பாதியில் வருகிறது. ஓடு மாற்றவும் உத்தரம் தாங்கவும் அனுமதி கேட்டு மார்ச் மாதத்தில் அளித்த விண்ணப்பத்துக்கு ஆகஸ்டில் பதில் தருவது, மறுத்ததற்குச் சமம். எனவே திட்ட வரைவில் தரம், எல்லை, குழு, நிதி ஆகியவற்றோடு மேலும் ஒரு வரி இடம்பெற வேண்டும்: சிறு பழுதுகளுக்கான அனுமதி, விண்ணப்பித்த நாளிலிருந்து குறிப்பிட்ட சில வாரங்களுக்குள், மழைக்கு முன், போளுக்கு அருகிலுள்ள வட்ட அலுவலகத்திலேயே வழங்கப்படும் என்பது.